நேர்முள்ளாரின் பித்தளைக் கல்

கடைத்தெருவில் தராசு பழுதுபார்க்கும் கடை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதன் உரிமையாளருக்குப் பெற்றோர் இட்ட பெயரைத் தெருவில் எவரும் சொல்லிக் கேட்டதில்லை. தராசின் நடுவே நிற்கும் முள் சாய்ந்தால் எடை தவறு. நேராக நின்றால் எடை சரி. அவரோ எந்தக் காரியத்திலும் ஒரு மயிரிழைகூடச் சாயாதவர். ஆகையால் அவரை நேர்முள்ளார் என்றார்கள். கேலிக்காக வைத்த பெயர்தான். அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டு நிமிர்ந்து நடந்தார்.

மின் தராசுகள் அத்தெருவை எட்டிப் பார்க்காத காலம் அது. ஒவ்வொரு கடையிலும் இரண்டு தட்டுத் தராசும், இரும்பு எடைக்கற்களும் இருந்தன. இரும்புக் கல்லின் அடியில் ஒரு குழி உண்டு. அதில் ஈயத்தை உருக்கி ஊற்றியிருப்பார்கள். கல் தேய்ந்து எடை குறைந்தால் ஈயம் சேர்ப்பதும், கூடியிருந்தால் சுரண்டி எடுப்பதும் நேர்முள்ளாரின் தொழில். அரசாங்கத்தில் முறையாக அனுமதி பெற்று அவர் அதைச் செய்துவந்தார். எந்தக் கல் கூடுதல், எந்தக் கல் குறைவு என்று தீர்மானிக்க அவரிடம் ஒரு பித்தளைக் கல் இருந்தது. ஒரு கிலோ. தொழில் தொடங்கிய நாளில் முத்திரையுடன் வாங்கியது. நீல வெல்வெட் விரித்த மரப்பெட்டிக்குள் அது ஒரு குட்டி ராஜாவைப் போல் உட்கார்ந்திருக்கும்.

சனிக்கிழமை மாலை கடையைச் சாத்தியதும், சாம்பலும் எலுமிச்சைச் சாறும் தொட்டு அந்தக் கல்லைத் தேய்ப்பார். பிறகு மெல்லிய துணியால் துடைப்பார். தம் முகம் அதில் தெரிகிறவரை விடமாட்டார். மறுநாள் ஆராதனைக்குப் போகிறவர் மனத்தைத் துலக்குவதோடு சேர்த்து இதையும் செய்கிறார் என்று மனைவி முதலில் நினைத்திருந்தார். பின்னாளில், மனத்துக்குப் பதிலாகவே இதைச் செய்கிறாரோ என்ற ஐயம் அந்த அம்மாளுக்கு ஏற்பட்டது. அதை அவர் வெளியே சொன்னது பிற்பாடுதான்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் ஆலயத்தின் பக்கத்து அறையில் ஆண்கள் கூடி வேதாகமம் படிப்பார்கள். நேர்முள்ளாருக்குப் பிடித்த பொருள் கடவுளின் நீதி. அதைப் பற்றிப் பேசத் தொடங்கினால் தேநீர் ஆறிப்போகும்.

"கடவுள் கையில தராசு இருக்கு. ஒரு தட்டுல அவர் கல்லு. இன்னொரு தட்டுல நாம. அவ்வளவுதான் விஷயம்" என்றார் ஒருநாள்.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது. "நம்ம தட்டு மேல போயிடுமே மச்சான். அப்புறம் என்ன பண்றது?"

கேட்டவர் அவருடைய தங்கையின் கணவர். அதே தெருவின் கோடியில் பழைய இரும்புக் கடை வைத்திருப்பவர். உடைந்த சைக்கிள், ஓட்டைப் பாத்திரம், பழைய செய்தித்தாள், பித்தளைக் குழாய் என்று பிறர் வேண்டாமென்று தள்ளியதையெல்லாம் எடை போட்டு வாங்குபவர்.

"போறவன் போவான் மாப்பிள்ளை. ஒழுங்கா இருக்கிறவன் தட்டு நிக்கும்."

"உங்க தட்டு நிக்குமா?"

"என்மேல ஒரு குறை சொல்ல இந்தத் தெருவுல ஆள் இருக்கா?"

"மேல ஒருத்தர் இருக்காரே" என்றார் இரும்புக் கடைக்காரர். அறை சிரித்தது. நேர்முள்ளார் மட்டும் ஆறிய தேநீரைக் குடித்தார்.

அப்போதெல்லாம் இருவருக்கும் இடையே பகை கிடையாது. பகை வந்தது எடைக்கல்லால்.

சில ஆண்டுகளாகவே நேர்முள்ளார் சோதித்த இரும்புக் கற்களெல்லாம் அவருடைய பித்தளைக் கல்லைவிடக் கனமாக இருந்தன. காய்க்காரர் கல், பழக்காரம்மா கல், மளிகைக்காரர் கல், எல்லாம் கனம். விற்கிறவருக்குக் கனமான கல் நஷ்டம். சரக்கு கூடுதலாகப் போய்விடும். ஆகவே நேர்முள்ளார் ஈயத்தைச் சுரண்டி எடுத்தபோது அவர்கள் வாயெல்லாம் பல்லாக நன்றி சொன்னார்கள். சுரண்டிய ஈயத்தை ஒரு தகர டப்பாவில் போட்டுவைத்தார். உலகத்தின் ஒழுங்கீனத்துக்கு அது சாட்சி என்பது அவர் எண்ணம். மனைவி அதற்குப் 'பாவ டப்பா' என்று பெயரிட்டார். தெருவில் உள்ள கல் அத்தனையும் தவறு, தம் கல் ஒன்றே சரி என்பதில் நேர்முள்ளாருக்கு ஆச்சரியமே தோன்றவில்லை. உலகம் இப்படித்தான் இருக்கும் என்று அவர் முன்பே அறிந்திருந்தார்.

இரும்புக் கடைக்காரரின் கல்லும் கனமாகத்தான் இருந்தது. ஆனால் அவர் விற்பவர் அல்லர், வாங்குபவர். வாங்குபவர் கையில் கனமான கல் இருந்தால் அதற்குப் பெயர் வேறு.

"இது திருட்டு மாப்பிள்ளை" என்றார் நேர்முள்ளார். இரும்புக் கடை வாசலில், நான்கு பேர் காதில் விழும்படியாகவே சொன்னார்.

"கல்லு புதுசு மச்சான். போன மாசம்தான் முத்திரையோட வாங்கினேன். உங்க கல்லை ஒருதரம் பார்த்துடுங்களேன்."

"என் கல்லைப் பார்க்கவா? கடவுளுக்கு அடுத்தபடி இந்தத் தெருவுல நேரா நிக்கிறது என் கல்லுதான். ஏழைங்க கொண்டுவர்ற பழைய பாத்திரத்துல கைவைக்கிற களவாணிக்கு என் கல்லைப் பத்திப் பேச வாயிருக்கா?"

களவாணி என்ற சொல் தெருவின் இரு கோடிக்கும் போய்த் திரும்பியது. இரும்புக் கடைக்காரர் கல்லை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். சுரண்ட விடவும் இல்லை. அன்றிலிருந்து தங்கை அண்ணன் வீட்டு வாசற்படி மிதிக்கவில்லை. ஆலயத்தில் ஒரு குடும்பம் இடப்பக்கமும் மற்றது வலப்பக்கமும் உட்கார்ந்தன. போதகர் நடுவே நின்று இரு பக்கமும் மாறிமாறிப் பார்த்துப் பிரசங்கம் செய்தார்.

இப்படியே ஓராண்டுக்கு மேல் ஓடிற்று. நேர்முள்ளாரின் மகளுக்குத் திருமணம் நிச்சயமானபோதுதான் சங்கடம் முற்றியது. மகளைக் குழந்தையில் தூக்கி வளர்த்தவள் அத்தை.

"அத்தையும் மாமாவும் வரணும்பா" என்றாள் மகள்.

"கல்லைக் கொண்டுவந்து சரி பண்ணிட்டு வரட்டும். நான் வேண்டாம்னா சொல்றேன்?"

"கல்யாணத்துக்கு வர்றவங்க அழைப்பிதழோட வருவாங்க. எடைக்கல்லோடவா வருவாங்க?" என்றார் மனைவி, அடுப்பங்கரையிலிருந்து.

"நியாயம்னு ஒண்ணு இருக்குடி."

"இருக்கட்டும். அதை ஒருநாள் பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டுங்களேன்."

மகள் அதற்குமேல் வாதாடவில்லை. அத்தை கைபிடித்து அழைத்துப் போகாவிட்டால் ஆலயத்துக்குள் தான் அடியெடுத்து வைக்கப் போவதில்லை என்று மட்டும் சொல்லிவிட்டுத் தையல் வேலையைத் தொடர்ந்தாள். தகப்பனின் பிடிவாதத்தில் பாதி அவளுக்கும் வந்திருந்தது என்பதை வீட்டில் எல்லாரும் அறிவார்கள். நேர்முள்ளார் அன்று சரியாகச் சாப்பிடவில்லை. மகளின் முகமா, தம் நியாயமா என்று அவருக்குள் ஒரு தராசு ஆடிக்கொண்டிருந்தது. முள் எந்தப் பக்கமும் நிற்கவில்லை.

அந்த வாரத்தில்தான் எடையளவு அலுவலகத்திலிருந்து ஓர் ஆள் வந்து சொல்லிப்போனார்: தராசு பழுதுபார்ப்பவர்கள் அனைவரும் தங்கள் சோதனைக் கற்களைக் கொண்டுவந்து சரிபார்த்துக்கொள்ள வேண்டும். முறைப்படி அவ்வப்போது செய்யவேண்டியதுதான். இன்று நாளை என்று பல ஆண்டுகள் தள்ளிவைத்தவர் நேர்முள்ளாரே. இந்தமுறை அவர் உற்சாகமாகப் புறப்பட்டார். தம் கல் சரியென்று அரசாங்கமே சொல்லிவிட்டால், அதை இரும்புக் கடை மாப்பிள்ளையின் முகத்துக்கு நேரே காட்டலாம் அல்லவா?

அலுவலகத்தில் கண்ணாடிப் பேழைக்குள் ஒரு தராசு இருந்தது. மூச்சுக் காற்று பட்டாலும் அசையக்கூடியது. பொறுப்பிலிருந்த அலுவலர் அம்மாள் கையுறை அணிந்து, இடுக்கியால் பித்தளைக் கல்லைப் பதமாக எடுத்துத் தட்டில் வைத்தார். மறுதட்டில் அலுவலகத்தின் கல்.

நேர்முள்ளாரின் தட்டு மேலே போயிற்று.

"தராசு கொஞ்சம் சாய்ஞ்சிருக்குதே அம்மா" என்றார் அவர்.

அலுவலர் அம்மாள் கற்களை இடம் மாற்றி வைத்தார். இப்போது மறுபக்கம் மேலே போயிற்று. அதாவது, நேர்முள்ளாரின் கல் எங்கே இருந்ததோ அந்தப் பக்கம்.

"ஐயா, இதை எதால துடைக்கிறீங்க?"

"சாம்பலும் எலுமிச்சையும். வாரம் தவறினதே இல்ல." அந்நேரத்திலும் குரலில் சிறு பெருமை இருந்தது.

"அதான். பித்தளை தேயும் ஐயா. நாலு சட்டைப் பொத்தான் கனம் போயிருக்கு. அழுக்கா வச்சிருந்தவங்க கல்லெல்லாம் சரியா இருக்கு. நீங்க துடைச்சுத் துடைச்சே குறைச்சிட்டீங்க."

"அப்ப நான் இதை வச்சுப் பார்த்த கல்லெல்லாம்?"

"அதெல்லாமும் இதே அளவு குறைஞ்சிருக்கும் ஐயா" என்றார் அலுவலர் அம்மாள். பித்தளைக் கல்லில் இருந்த பழைய முத்திரையின் குறுக்கே ஒரு கோடு கிழித்து, புதிய கல் ஒன்றுக்கு ஏற்பாடு செய்து, பழையதைத் திருப்பிக் கொடுத்தார். "இனிமே இதுக்கு எடைக்கல்னு பேர் இல்ல. காகிதம் பறக்காம மேல வைக்கலாம்" என்றார் அன்பாகவே.

நேர்முள்ளார் வீட்டுக்கு நடந்தார். வழியில் கடைத்தெரு. பழக்காரம்மா ஒரு தாய்க்கு ஆரஞ்சு நிறுத்துக்கொண்டிருந்தார். தட்டில் இருந்தது அவர் சுரண்டிக் கொடுத்த கல். அந்தத் தாயின் பைக்குள் குறைவாக விழுந்தது. அடுத்து காய்க்கடை. அங்கும் குறைவு. அடுத்து மளிகை. ஒரே மனிதர் தெருவையே குறையுள்ளதாக்கியிருந்தார். தாங்கள் சரியாக நிறுப்பதாக நம்பிய நல்லவர்கள் அத்தனை பேரும் தெரியாமலே பிறர் பங்கை எடுத்துக்கொண்டிருந்தார்கள். தெருவின் கோடியில், களவாணி என்று அவர் பெயர் சூட்டியவரின் கடையில் மட்டும், ஒரு கல் சரியாக இருந்தது.

வீட்டில் மனைவியிடம் சொன்னார். சொல்லும்போது உட்காரவில்லை. அந்த அம்மாள் முழுவதையும் கேட்டார். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அழுதார் என்று தங்கை சொல்வதுண்டு. ஆனால் தங்கை அங்கே இருக்கவில்லை. மகள் இருந்தாள், சிரித்ததாகவே அவள் சொல்கிறாள்.

"என்னடி சிரிக்கிறே? தெருவையே கெடுத்துட்டு வந்து நிக்கிறேன்."

"ஏங்க, இத்தனை நாளா நீங்க நல்லவரா இருந்ததுதாங்க இந்த வீட்டுக்குப் பெரிய தொல்லை. இப்பத்தான் மனுஷனா வந்து நிக்கிறீங்க. முகத்தைக் கழுவிட்டுக் கிளம்புங்க."

"எங்கே?"

"எங்கேன்னு உங்களுக்குத் தெரியாதா?"

இரும்புக் கடைக்காரர் பழைய செய்தித்தாள் கட்டின்மேல் உட்கார்ந்து, ஓர் அண்டாவின் கைப்பிடியைச் சுத்தியலால் தட்டிக் கழற்றிக்கொண்டிருந்தார். வாசலில் மச்சானைக் கண்டதும் சுத்தியல் அந்தரத்தில் நின்றது. உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்: "ஏய், உங்க அண்ணன் வந்திருக்காரு. கையில கல்லு."

தங்கை ஈரக் கையோடு ஓடிவந்தாள். "எறியவா, குடுக்கவா?"

"குடுக்க" என்றார் நேர்முள்ளார். பெட்டியைத் திறந்து பித்தளைக் கல்லை எடுத்து மாப்பிள்ளையின் தராசில் தாமே வைத்தார். மறுதட்டில் இரும்புக் கல்லை வைத்தார். பித்தளை மேலே போயிற்று.

"உன் கல்லு சரி மாப்பிள்ளை. என் கல்லுதான் குறை. தேய்ச்சே தேய்ஞ்சு போச்சு. ஆபீஸ்ல பார்த்துட்டாங்க."

இரும்புக் கடைக்காரர் சுத்தியலைக் கீழே வைத்தார். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. "அன்னிக்கு என் பையன் கடைக்குள்ளதான் மச்சான் இருந்தான். அவனும் கேட்டான்."

நேர்முள்ளார் பெட்டியைக் கீழே வைத்தார். "நியாயமா என்ன வேணும்னாலும் சொல்லு. நான் நிக்கிறேன்."

"நியாயமாப் பார்த்தா நீங்க நிக்க முடியாது." இரும்புக் கடைக்காரர் எழுந்து அருகே வந்தார். "யாரும் நிக்க முடியாது. அதனால உட்காருங்க."

செய்தித்தாள் கட்டில் பாதியை ஒதுக்கிக் கொடுத்தார். நேர்முள்ளார் உட்கார்ந்தார். தங்கை உள்ளே போய்த் தேநீர் வைத்தாள். அடுப்பு பற்றாததற்கு அண்ணனைத் திட்டினாள். சர்க்கரை டப்பா கைக்கு அகப்படாததற்கும் அண்ணனைத் திட்டினாள். ஓராண்டுக் கணக்கு, ஆகையால் தேநீர் வர நேரமாயிற்று.

"வாசல்ல நின்னு சொன்னேன். வாசல்ல நின்னே திருப்பிச் சொல்லணும்" என்றார் நேர்முள்ளார், குடித்து முடித்ததும்.

"எனக்காக வேண்டாம் மச்சான்."

"உனக்காக மட்டும் இல்ல. தெருவுக்கே சொல்லணும். எல்லாக் கல்லும் திரும்பி வரணும்."

மறுநாள் காலை அவர் கடை கடையாக ஏறினார். உடன் மாப்பிள்ளையும் வந்தார். வரவேண்டாம் என்று தடுத்தும் வந்தார். மளிகைக்காரர் பேச்சை நம்பவில்லை. காய்க்காரர் நம்பிவிட்டு, நேற்று ஒரு வாடிக்கையாளரோடு எடைக்காகச் சண்டை போட்டதை நினைத்து நெற்றியில் அடித்துக்கொண்டார். பழக்காரம்மாவுக்குத்தான் கோபம் பொங்கியது.

"அப்போ இத்தனை நாளா நான் திருடியா? வாரந்தோறும் வெள்ளைச் சேலை கட்டிக்கிட்டுக் கோயில்ல போய் உட்கார்ந்தேனே!"

"திருடி இல்லம்மா. கல்லு குறை. குறைச்சது நான்."

"நீங்க குறைச்சீங்க, சரி. குறையுதுன்னு என் கைக்குத் தெரியாமலா இருந்துச்சு? லாபமா இருக்கேன்னு நானும் கம்முனு இருந்துட்டேன்." அந்த அம்மாள் அதைச் சொல்லிவிட்டுத் தாமே திகைத்தார். பிறகு கல்லைத் தூக்கி அவர் கையில் வைத்தார். "முதல்ல என்னுதைச் சரி பண்ணுங்க. பண்ணிட்டு வாங்க, ஆரஞ்சு தர்றேன். நிறுக்காம."

கற்கள் வந்து கடை வாசலில் வரிசையாக நின்றன. இனி ஈயம் வேண்டும். நேர்முள்ளார், நிறைந்தபின் பரணில் போட்டுவைத்திருந்த தகர டப்பாவைத் தேடினார். இருந்த இடத்தில் இல்லை. மனைவி கைவிரல் நகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அந்தப் பாவ டப்பாவைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல். போன வருஷமே பழைய பாத்திரத்தோட சேர்த்துக் குடுத்துவிட்டுட்டேன்."

"யார்கிட்ட?"

"தெருவுல பழசு வாங்குறவர் எத்தனை பேரு?"

இரும்புக் கடைக்காரர் அதற்குள் தம் கடைக்குப் போய்த் திரும்பியிருந்தார். கையில் அதே தகர டப்பா, மூடி திறக்காமல். "இது உருக்கி விக்கிற ஈயம் இல்லன்னு தோணுச்சு மச்சான். இது தெருவோட ஈயம். என்னிக்காவது திரும்பிப் போகும்னு மேல எடுத்து வச்சேன்."

நேர்முள்ளார் டப்பாவைக் கையில் வாங்கினார். களவாணி என்று தாம் திட்டியபின்னும், தாம் ஒருநாள் தேடப்போகும் பொருளை ஓராண்டு பத்திரமாக வைத்திருந்த அந்தக் கையை அவர் பார்த்தார். அடுப்பு மூட்டினார்கள். மாப்பிள்ளை துருத்தி ஊத, ஈயம் கரண்டியில் வெள்ளியாய் நெளிந்தது. சுரண்டும்போது சிந்திப்போனதும் உண்டு. ஆகவே ஈயம் கொஞ்சம் பற்றாமல் போயிற்று. பற்றாததைத் தம் கடையிலிருந்த உடைந்த குழாய் ஈயத்தால் மாப்பிள்ளை நிரப்பினார். தெருவே சுற்றி நின்று பார்த்தது. காய்க்காரர் பாடத் தொடங்கினார். சுருதி சேரவில்லை, எல்லாரும் சேர்ந்துகொண்டபின் அது தெரியவும் இல்லை.

முத்திரையிட அலுவலர் அம்மாள் நேரில் வந்தார். புதிய கல்லோடு ஒவ்வொன்றையும் ஒப்பிட்டார். முள் நேராக நின்றபோதெல்லாம் தெரு கை தட்டியது. வேலை முடிந்ததும் அவர் இரும்புக் கடைக்காரரைப் பார்த்து, "நீங்க கேட்டது நல்லதாப் போச்சு" என்றார்.

"என்ன கேட்டார்?" என்றார் நேர்முள்ளார்.

"எல்லாப் பழுதுக்காரங்க கல்லையும் கூப்பிட்டுப் பாருங்கன்னு வந்து சொன்னார். யார் பேரையும் சொல்லல. எல்லாரையும் கூப்பிடுங்கன்னுதான் கேட்டார்."

இரும்புக் கடைக்காரர் துருத்தியை உதறி மடித்துக்கொண்டிருந்தார். "விஷயம் வெளிய வரணும் மச்சான். ஜனங்க ஏமாறக்கூடாது. ஆனா நீங்க தனியா நிக்கக்கூடாது" என்றார், யாருக்கோ சொல்வதுபோல.

அந்த ஞாயிறு பிற்பகல் ஆண்கள் கூடியபோது நேர்முள்ளார் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். முன்னே வரச் சொல்லி வற்புறுத்தினார்கள். எழுந்து நின்றார்.

"முன்ன நான் சொன்னது பாதிதான். கடவுள் கையில தராசு இருக்கிறது நிஜம். அவர் கல்லு தேயாது. நம்ம தட்டு மேல போகும். எல்லார் தட்டும். என்னுது முதல்ல."

"அப்புறம் என்ன பண்றது மச்சான்?" என்று பழைய குரலே கேட்டது.

"தட்டைத் துடைக்கிறதுல பிரயோஜனம் இல்ல மாப்பிள்ளை. துடைச்சுப் பார்த்தவன் நான். வேற ஒருத்தர் வந்து நம்ம தட்டுல நம்மளோட உட்காரணும். அப்பத்தான் முள் நேரா நிக்கும்." சற்று நிறுத்தினார். "சிலுவை சுமந்தவர் உட்கார்ந்துட்டார். அதை நம்புறதுதான் பாக்கி."

தேநீர் அன்று சூடாகவே குடிக்கப்பட்டது.

திருமணத்தன்று அத்தை மகளின் கையைப் பிடித்து ஆலயத்துக்குள் அழைத்து வந்தாள். இரண்டு குடும்பமும் ஒரே பக்கத்தில் உட்கார்ந்ததால் மறுபக்கத்தில் ஒரு வரிசை காலியாகத் தெரிந்தது. போதகருக்கு எந்தப் பக்கம் பார்ப்பது என்று சிறிது நேரம் பழக்கம் தடுமாறியது. சன்னல் வழியே காற்று வீசி, மேசைமேல் அடுக்கியிருந்த பாட்டுத் தாள்களைக் கிளப்பியது. இரும்புக் கடைக்காரர் எழுந்து, கோட்டுப் பையிலிருந்து கனமாக ஒன்றை எடுத்துத் தாள்களின்மேல் வைத்தார். பித்தளைக் கல். மச்சான் அன்று அவர் தராசிலேயே விட்டுவிட்டு வந்தது. துடைப்பார் இல்லாமல் சற்றுக் கறுத்திருந்தது.

தாள்கள் அசையவில்லை. முதல் பாட்டு தொடங்கியது.

நேர்முள்ளாரின் கை தன்னையறியாமல் கைக்குட்டையோடு அதை நோக்கி நீண்டது. மனைவி பட்டென்று அந்தக் கையில் ஓர் அடி வைத்தார். பின்வரிசை வரைக்கும் கேட்டது. முதலில் சிரித்தவர் நேர்முள்ளார்தான்.